அத்தானின் காது

என் அத்தான் யாரிடமும் எதற்கும் "முடியாது" என்று சொல்லி நான் கேட்டதில்லை. பல வருஷம் அவர் வீட்டில் சாப்பிட்டு, அவர் தேடித் தேர்ந்தெடுத்துக் கொடுத்த மடிக்கணினியில் வேலை பார்த்துச் சம்பாதித்தவள் நான். சாட்சி சொல்லும் தகுதி எனக்கு உண்டு. யார் எதைக் கேட்டாலும் அவருடைய பதில் ஒன்றுதான்: "வாங்கிருவோம். நல்லதா ஒண்ணு பாப்போம்." அந்தப் 'பாப்போம்' இருக்கிறதே, அதற்குள் விழுந்த பொருள் லேசில் கரையேறியது கிடையாது.

அத்தான் என்றால் என் அக்காவின் கணவர். குகட்பள்ளி ஹவுசிங் போர்டு காலனியில் மூன்றாவது மாடியில் அவர்கள் வீடு. எனக்கு மாதாப்பூரில் வேலை கிடைத்து திருநெல்வேலியிலிருந்து வந்து இறங்கியபோது, ரயில் நிலையத்துக்கே வந்து பெட்டியைத் தூக்கிக்கொண்டவர் அவர்தான். "ஹாஸ்டல்ல போயி எதுக்குக் கெடக்கணும் ஜெனி? நம்ம வீடு இருக்குல்லா" என்றார். வருஷக்கணக்கில் என்னிடம் ஒரு பைசா வாங்கவில்லை, ஒருநாளும் முகம் சுளிக்கவில்லை. இதை மறைத்துவிட்டு மற்றதை மட்டும் சொன்னால் என் நாக்கு அழுகிப்போகும். அதனால் முதலிலேயே சொல்லிவிட்டேன்.

மத்திய அரசுத் தொழிற்சாலை ஒன்றில் தரப் பரிசோதனைப் பிரிவில் அவருக்கு வேலை. வெளிக் கம்பெனிகள் செய்து அனுப்பும் உதிரி பாகங்களை அளந்து பார்த்து, மயிரிழை பிசகியிருந்தாலும் சிவப்பு அட்டையைக் கட்டித் திருப்பி அனுப்ப வேண்டும். அதில் அவருக்குப் பெரிய பெயர். அவர் கையெழுத்துப் போட்ட பாகம் பழுதென்று ஒருநாளும் திரும்பி வந்ததில்லையாம். அப்படிப்பட்ட மனிதர் சாயங்காலம் பேருந்தில் ஏறும்போது வேலையைத் தொழிற்சாலையிலேயே விட்டுவிட்டு வருவார் என்று எதிர்பார்ப்பது நம்முடைய தப்பு.

ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்து வரும் வழியில் ரைத்து பஜாரில் காய் வாங்குவோம். அத்தான் வெண்டைக்காயை ஒவ்வொன்றாக எடுத்து வெளிச்சத்தில் பிடிப்பார், தலையைச் சற்றே சாய்த்து, ஒரு கண்ணை இடுக்கிக்கொண்டு. பிறகு அடுத்த கடை. பிறகு திரும்ப முதல் கடை. காய்க்காரம்மா பொறுத்துப் பொறுத்துப் பார்த்துவிட்டு, "சார், கொண்டாரா லேதா?" என்று கத்துவாள். வாங்கப் போகிறீரா இல்லையா என்று தெலுங்கில் அவள் கேட்டது பஜாருக்கே கேட்கும். அத்தான் கோபித்துக்கொள்ள மாட்டார். "இன்னைக்கு வெண்டைக்காய் சரியில்ல, அடுத்த வாரம் பாப்போம்" என்று அக்காவிடம் சொல்லிவிட்டு, பக்கத்துக் கடையில் உருளைக்கிழங்கு வாங்கிக்கொண்டு நடப்பார். வெண்டைக்காய் அக்காவுக்குப் பிடிக்கும். உருளைக்கிழங்கு எப்போதும் சரியாகவே இருக்கும்.

அடுக்ககத்தில் அவருக்கு மதிப்பு அதிகம். யாருக்கு வாஷிங் மெஷின் வேண்டுமானாலும், ஏசி வேண்டுமானாலும் முதலில் எங்கள் வீட்டுக் கதவைத்தான் தட்டுவார்கள். எதிர்வீட்டு லட்சுமி அம்மாவின் மிக்ஸி ஒன்றுக்காக அவர் ஊரில் உள்ள கடையெல்லாம் ஏறி இறங்கினார். அந்த அம்மாள் அக்காவிடம் "மீ ஆயன தேவுடண்டி" என்று கும்பிட்டாள். உங்கள் வீட்டுக்காரர் தெய்வம் என்று அர்த்தம். அக்கா சிரித்துக்கொண்டே உள்ளே போய் அம்மியில் தேங்காய் அரைத்தாள். எங்கள் வீட்டு மிக்ஸி அப்போது பழுதாகியிருந்தது. புதிதாக நல்லதாக ஒன்று பார்த்துக்கொண்டிருந்தார்.

விருந்தாளிகள் வந்தால் அவர் தான் பெண் பார்த்த கதையைச் சொல்வார். ஏகப்பட்ட பெண்களைப் பார்த்தாராம். ஒருத்திக்கு உயரம் அதிகம், ஒருத்திக்குக் குரல் கட்டை, ஒருத்தியின் அண்ணன் சரியில்லை. கடைசியில் தன் அம்மா அழுததால் எங்கள் அக்காவுக்குச் சரி என்றாராம். "நம்ம வீட்ல ரிட்டர்ன் போகாத ஐட்டம் இது ஒண்ணுதான்" என்று அக்காவைக் காட்டி முடிப்பார். எல்லோரும் சிரிப்பார்கள். அக்காவும் சிரித்துக்கொண்டே காபித் தம்ளர்களை எடுத்துப் போவாள். ஒவ்வொரு முறையும் அதே கதை, அதே சிரிப்பு. எனக்குத்தான் பற்றிக்கொண்டு வரும்.

இவ்வளவுக்கும் அவர் கருமி இல்லை. எனக்கு டெங்கு வந்தபோது பக்கத்தில் எந்த ஆஸ்பத்திரி என்று மட்டும் கேட்டு, ஆட்டோவில் தூக்கிப் போட்டுக்கொண்டு ஓடினார். எந்த டாக்டர் நல்ல டாக்டர் என்று அன்றைக்கு அவர் பார்த்துக்கொண்டு நிற்கவில்லை. அம்மாவுக்குக் கண் ஆபரேஷன் என்றதும் அன்றே பணம் அனுப்பினார். எனக்கு இது விளங்க நாளாயிற்று. தேவை என்று வந்தால் அவர் யோசிக்கவே மாட்டார். ஆசை என்று வந்தால்தான் அவருக்கு அளவுகோல் வேண்டும். ஆசைப்பட்ட பொருளில் ஒரு குறை இருக்கத்தான் வேண்டும் என்பது அவருடைய கணக்கு, கண்டுபிடிக்காமல் விடமாட்டார்.

அக்கா ஆசைப்பட்டது ஒரு கிதாருக்கு.

கல்யாணத்துக்கு முன்னால் ஊரில் சபை வாலிபர் கூட்டத்துக்கு அவள்தான் கிதார். கற்றுக்கொடுக்க ஆளில்லாமல் தானாகவே பழகியது. அந்தக் கிதார் சபைக்குச் சொந்தம். பூட்டிவைக்கிற அலமாரிச் சாவி, ஆலயத்தைத் திறந்து மூடுகிற கோயில்பிள்ளையிடம் இருக்கும். தனக்கென்று ஒரு கிதார் அவளுக்கு இருந்ததே இல்லை. கல்யாணமான பிறகு கிதாரைப் பற்றிய பேச்சே இல்லை. பாட்டுக் கேட்கும்போது முழங்காலில் அவளுடைய இடதுகை விரல்கள் தாமாகக் கம்பி பிடிக்கும். அவ்வளவுதான் மிச்சம்.

செகந்திராபாத்தில் நாங்கள் போகும் தமிழ்ச் சபையில் கிதார் வாசித்துக்கொண்டிருந்த பையன் ஒருவன் வேலை மாறி பெங்களூருக்குப் போய்விட்டான். பாடகர் குழுவை நடத்தும் ரோஸ்லின் ஆன்டி அக்காவைப் பிடித்துக்கொண்டாள். ஆன்டி போலாரத்திலேயே பிறந்து வளர்ந்தவள், அப்பா ராணுவத்தில் இருந்தவர். அவள் தமிழில் பாதி இந்த ஊர் உருது. "ஹவ் மா, நீ வாசிப்பேன்னு உன் தங்கச்சி சொல்றா. கைக்கு இத்தனை நாளா வாயத் திறக்கல? இந்த வருஷம் கிறிஸ்மஸ் பாட்டாராதனைக்கு நீதான்" என்றாள். ஆமாம் என்பதற்கு 'ஹவ்', ஏன் என்பதற்குக் 'கைக்கு', அவளுக்கு அப்படித்தான் வரும்.

சபையின் கிதாரை வைத்து வாசித்துப் பார்த்தாள். அது பெரிய உடம்புக்காரக் கிதார். என் அக்கா குள்ளம். அதை மடியில் வைத்தால் கிதாருக்குப் பின்னால் அவளுடைய நெற்றிதான் தெரியும். வலதுகையை அதன் முதுகுக்கு மேலாகத் தூக்கிப் போட்டால் கொஞ்ச நேரத்தில் தோள் கழன்றுவிடும்போல் வலிக்கும். அவளுக்கு அந்தத் தோளில் ஏற்கெனவே வலி உண்டு. தவிர, முன்னால் மைக் வைத்தாலும் கீபோர்டு சத்தத்தில் அது அமுங்கிப்போயிற்று. சின்ன உடம்பும், ஒயர் சொருகினால் நேராக ஸ்பீக்கரில் பேசுகிற பிக்கப்பும் உள்ள கிதார் வேண்டும் என்று ஆன்டி சொன்னாள். கடைக்காரர்கள் செமி அக்கூஸ்டிக் என்பார்கள். விலையும் ரொம்ப இல்லை. அக்கா அன்று இரவுச் சாப்பாட்டின்போது, தட்டைப் பார்த்துக்கொண்டே அத்தானிடம் கேட்டாள்.

"அதுக்கென்ன, வாங்கிருவோம்" என்றார் அத்தான். "நல்லதா ஒண்ணு பாப்போம்."

அப்போது ஜூலை மாதம். ஆகஸ்டிலும் பார்த்தார், செப்டம்பரிலும் பார்த்தார். கிதாரைப் பற்றி அவருக்கு அதுவரை ஒன்றும் தெரியாது. சங்கீதமும் தெரியாது. ஆனால் சீக்கிரமே ஸ்ப்ரூஸ் பலகைக்கும் மஹோகனிக்கும் என்ன வித்தியாசம், ஒட்டுப்பலகை எது, முழுப்பலகை எது என்று சாப்பாட்டு மேஜையில் பிரசங்கம் பண்ணத் தொடங்கிவிட்டார். அக்கா சோற்றைப் பிசைந்துகொண்டு கேட்பாள். கிதார் வாசித்த ஒரு பெண்ணுக்கு, கிதாரைத் தொட்டே பார்க்காத ஆள் பாடம் எடுப்பதைப் பார்க்க எனக்குப் பொறுக்கவில்லை. ஒரு சனிக்கிழமை, அத்தான் தொழிற்சாலைக்குப் போயிருந்த நேரத்தில், "கெளம்புக்கா" என்று அவளைச் செகந்திராபாத்தில் ஒரு வாத்தியக் கடைக்கு இழுத்துக்கொண்டு போனேன்.

கடைக்காரர் முதலில் ஒரு பெரியதைக் கொடுத்தார். அக்கா வேண்டாம் என்று தலையாட்டினாள். அடுத்தது பயணத்துக்கு எடுத்துப்போகிற குட்டிக் கிதார். கையில் அடங்கியது, ஆனால் சத்தம் தகர டப்பா மாதிரி வந்தது. மூன்றாவதாக ஒன்று. இடுப்பு ஒடுங்கி, உடம்பு மெலிந்து, கழுத்தும் சன்னமாக இருந்தது. அக்கா ஸ்டூலில் உட்கார்ந்து அதை மடியில் வைத்தாள். வலதுகை தோளைத் தூக்காமலேயே கம்பிக்குப் போய்ச் சேர்ந்தது. ஒரே ஒரு தட்டு தட்டினாள். உடனே உள்ளங்கையால் கம்பிகளை மூடிக்கொண்டு என்னைப் பார்த்தாள். கடைக்காரர் ஒயரைச் சொருகினார். அதன்பிறகு அவள் வாசித்ததை நான் என்ன சொல்வது? இத்தனை வருஷம் தொடாத கை. முதலில் தடுமாறியது, பிறகு வழியைக் கண்டுபிடித்துவிட்டது. ஷெனாய் பார்க்க வந்திருந்த ஒரு பெரியவர் திரும்பி நின்று கேட்டார். என் அக்காவுக்கு அப்படியொரு முகம் இருப்பதே எனக்கு அன்றுதான் தெரியும்.

"இதையே எடுத்துக்கிடுவோம்க்கா. நான் வாங்கித் தாரேன்" என்று கார்டை எடுத்தேன்.

"இருட்டீ. அவியட்ட ஒரு வார்த்தை கேட்டுருவோம். பொறவு மனசு கஷ்டப்படுவாவ."

ஃபோனில் அத்தான் நிதானமாகக் கேட்டுக்கொண்டார். மாடல் பெயரைக் கேட்டார். "நல்ல மாடல்தான். வாங்கிராதீங்க" என்றார். "கடையில வாங்குனா திருப்பிக் குடுக்க முடியாது. அதையே ஆன்லைன்ல போடுதேன். பிடிக்கலன்னா அனுப்பிரலாம்லா. நான் இருக்கும்போது ஜெனி எதுக்கு வாங்கணும்?" அக்கா கிதாரைக் கடைக்காரரிடம் கொடுத்தாள். கொடுக்கும்போது அதன் முதுகை முந்தானையால் துடைத்துவிட்டுக் கொடுத்தாள். சாமி வரம் கொடுத்தாலும் பூசாரி கொடுக்கவேண்டுமே.

சொன்னபடியே அதே கிதார் வீட்டுக்கு வந்தது. பொய் சொல்கிற மனிதரில்லை. பெட்டியை அவரே கத்தியால் கோடு பிசகாமல் திறந்தார். அட்டை, தெர்மாகோல், பிளாஸ்டிக் பை எல்லாவற்றையும் வந்த ஒழுங்கில் கட்டிலடியில் வைத்தார். கிதாரின் துளைக்குக் கீழே, கீறல் விழாமலிருக்க ஒரு கறுப்புத் தகடு ஒட்டியிருப்பார்கள். புதுக் கிதாரில் அதன்மேல் மெல்லிய பிளாஸ்டிக் தாள் ஒன்று இருக்கும். "அதைக் கிழிச்சிராத ஏளா. கிழிச்சா திருப்பி எடுக்கமாட்டான். வளையலைக் கழட்டிட்டு வாசி" என்றார். அக்கா வளையலைக் கழற்றி வைத்துவிட்டு, தாள் சரசரக்க வாசித்தாள்.

திருப்பி அனுப்பக் கொடுத்த அவகாசம் முடிவதற்கு முந்தின நாள் அத்தான் ஒரு எஃகு அளவுகோலைக் கொண்டுவந்து கம்பிக்கும் பலகைக்கும் உள்ள இடைவெளியை அளந்தார். "தடிமனான கம்பி கழுத்தோட நடுவுல உரசுது" என்றார். கிதார் போயிற்று. அடுத்து வந்ததில் முறுக்காணி ஒன்று தளர்வாம். அதற்கடுத்ததில் ஒயர் சொருகினால் ஏதோ ரீங்காரமாம். ஒவ்வொன்றும் வரும், சில நாள் இருக்கும், ஆள் வந்து எடுத்துப்போவான்.

கிதார் வாசிக்கிறவர்களுக்கு இடதுகை விரல் நுனிகள் முதலில் கன்றிப்போகும், பிறகு தோல் காய்க்கும். காய்த்தால்தான் வலிக்காமல் வாசிக்க முடியும். அக்காவின் விரல் காய்க்கத் தொடங்கும்போது கிதார் போய்விடும். அடுத்தது வருவதற்குள் பாத்திரம் கழுவிக் கழுவித் தோல் பழையபடி மெத்தென்று ஆகிவிடும். கைக்கு எட்டியது வாய்க்கு எட்டவில்லை என்பார்கள். இவளுக்குக் கையிலேயே வந்து உட்கார்ந்துவிட்டு எழுந்து போயிற்று.

நான் ஒருநாள் கேட்டேவிட்டேன். "அத்தான், அவளுக்குப் பிடிச்சிருக்குல்லா? வாசிக்கிறது அவதானே?"

அவர் என்னைப் பரிதாபமாகப் பார்த்தார். "பிடிச்சிருக்குன்னு எல்லாத்தையும் வாங்கிற முடியுமா ஜெனி? அவளுக்கு நல்லது கெட்டது தெரியாது. குறையோட ஒண்ண அவ கையில குடுக்க எனக்கு மனசு வரல. நான் எதுக்காவது வேண்டாம்னு சொன்னேனா?"

சொல்லவில்லைதான். வேண்டாம் என்று சொல்லியிருந்தால் அக்கா ஒருநாள் அழுதிருப்பாள், நான் சண்டை போட்டிருப்பேன், விஷயம் முடிந்திருக்கும். இவரோடு எதை வைத்துச் சண்டை போடுவது?

நவம்பர் கடைசியில் இன்னொரு கிதார் வந்தது. வேறு கம்பெனி, அதே சின்ன உடம்பு. இதை அக்கா மடியில் வைத்ததுமே எனக்குத் தெரிந்துவிட்டது, கடையில் பார்த்த அந்த முகம் திரும்பவும் வந்தது. ரோஸ்லின் ஆன்டியிடம் ஃபோனில் வாசித்துக் காட்டினாள். "இதுதான் மா! இத விடாதே. இவ்ளோ நாள் பண்ணது போதும், இனிமே நக்கோ சொல்லு உன் வீட்டுக்காரர்கிட்ட" என்று ஆன்டி கத்தியது எனக்கே கேட்டது. 'நக்கோ' என்றால் வேண்டாம். அத்தான் தலையைச் சாய்த்து, கண்ணை இடுக்கிக் கேட்டுவிட்டு, "ஒல்லியான கம்பியில ஒரு அதிர்வு இருக்கு. கேக்குதா?" என்றார். எனக்குக் கேட்கவில்லை. அக்கா தனக்கும் கேட்கவில்லை என்றாள். "உங்களுக்குக் கேக்காது" என்று சொல்லிவிட்டு ஃபோனை எடுத்து, மறுநாள் வந்து எடுத்துப்போகச் சொல்லிப் பதிவு செய்தார்.

மறுநாள் நான் வீட்டிலிருந்தே வேலை பார்த்தேன். மத்தியானம் அக்கா கட்டிலில் கிதாரை மல்லாக்கப் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். நகத்தால் அந்தத் தாளின் ஒரு மூலையைக் கிளப்பினாள். கொஞ்சம் நிறுத்தினாள். பிறகு ஒரே இழுப்பு. தாளைச் சுருட்டி அடுக்களைக் குப்பையில் போட்டுவிட்டு வந்து, வளையலைக் கழற்றாமல் வாசிக்க ஆரம்பித்தாள். நான் எழுந்து போய் அவளுக்கு ஒரு காபி போட்டுக்கொடுத்தேன்.

சாயங்காலம் அத்தான் வந்த பிறகுதான் எடுத்துப்போகிற ஆள் வந்தான். கிதாரைத் திருப்பித் திருப்பிப் பார்த்து, ஃபோனில் படம் எடுத்து, "ஃபிலிம் நிக்கல் கயா சார். வாபஸ் நை ஹோத்தா" என்று கையை விரித்தான். தாள் போய்விட்டது, திருப்பி எடுக்கமாட்டோம். அத்தான் அக்காவைப் பார்த்தார். அக்கா சுவரைப் பார்த்தாள். அவர் சத்தம் போடவில்லை. சிரித்தார். "சரி விடு. உனக்குப் பிடிச்சிருக்குல்லா, இருந்துட்டுப் போட்டும்" என்றார். அந்த ஆளுக்குத் தண்ணீர்கூடக் கொடுத்து அனுப்பினார். அக்கா ஜெயித்துவிட்டாள் என்று நான் நினைத்தேன்.

கிறிஸ்மஸ் பாட்டாராதனைக்கு அக்கா மெரூன் பட்டு கட்டிக்கொண்டு போனாள். ஆலயம் நிரம்பி வழிந்தது. ஒயரைச் சொருகி முதல் தட்டுத் தட்டியதும் பின்வரிசையில் இருந்தவர்கள்கூட நிமிர்ந்தார்கள். அவள் ஒரு இடத்தில்கூடத் தவறவில்லை. முடிந்ததும் ரோஸ்லின் ஆன்டி அவளை நெஞ்சோடு அணைத்துக்கொண்டாள். ஒலிபெருக்கிக்கார அண்ணன் பெட்டியை மூடிக்கொண்டே "சவுண்டு சூப்பர் உந்தி மேடம்" என்றார். பெயர் தெரியாத பெண்கள் வந்து அவள் கையைப் பிடித்துக்கொண்டார்கள்.

திரும்பி வரும்போது வாடகைக் காரில் அத்தானும், "நல்லா இருந்துச்சு ஏளா" என்றார். உண்மையாகவே சந்தோஷமாகச் சொன்னார். பாலாநகர் சிக்னலில் வண்டி நின்றபோது, "மூணாவது பாட்டுலதான் அந்த அதிர்வு கொஞ்சம் தெரிஞ்சிட்டு" என்றார். "சனங்க கவனிச்சிருக்க மாட்டாங்க. நீ கவலைப்படாத."

அக்கா மடியில் இருந்த பூவைப் பார்த்துக்கொண்டு வந்தாள்.

அதன்பிறகு அவர் கிதாரைப் பற்றிக் குறை சொன்னார் என்று சொல்ல முடியாது. அவள் வாசிக்கும்போது செய்தித்தாளோடு எதிரே உட்காருவார். எப்போதாவது தாளைத் தாழ்த்தி, தலையைச் சாய்த்து, "கேக்குதா?" என்பார். திட்டவில்லை, பெருமூச்சுவிடவில்லை, ஒரு கேள்வி மட்டும். விருந்தாளிகள் கேட்டால், "பரவாயில்ல, கொஞ்சம் அவசரப்பட்டுட்டா. இன்னும் நல்லது பாத்திருக்கலாம்" என்பார். அக்கா புதுக் கம்பி மாற்றினாள். செகந்திராபாத் கடைக்கு எடுத்துப்போய்க் காட்டினாள். கடைக்காரர் எல்லாக் கம்பியையும் வாசித்துப் பார்த்து, ஒரு குறையும் இல்லையம்மா என்றார். வெளியே வந்ததும் அவள் சொன்னாள்: "கடைக்காரன் அப்படித்தானட்டி சொல்லுவான்."

அந்தப் பேச்சு யாருடையது என்று எனக்குத் தெரியும். அன்றே அவளைப் பிடித்து உலுக்கியிருக்கலாம். உலுக்கினாலும் அது உதிர்ந்து விழுந்திருக்காது என்றுதான் இப்போது நினைக்கிறேன்.

கொஞ்சம் கொஞ்சமாகக் கிதார் அலமாரிமேல் ஏறியது. ஏன்க்கா வாசிக்கவே மாட்டேங்கிற என்று கேட்டேன். "எடுத்தா அந்த அதிர்வுதான்டி கேக்கு. பாட்டே கேக்கமாட்டேங்கு" என்றாள். தோள்வலியையும் காரணம் சொன்னாள். அடுத்த ஈஸ்டருக்குள் பாடகர் குழுவில் ஷீபா என்கிற பெண்ணுக்கு அதைக் கொடுத்துவிட்டாள். அத்தான்தான் அதை உறையில் போட்டு, தோள்பட்டை வாரைச் சரிபார்த்து, ஷீபா வீடுவரை கொண்டுபோய்க் கொடுத்துவிட்டு வந்தார். "உனக்கு நல்லதா ஒண்ணு பாப்போம்" என்று அக்காவிடம் சொன்னார். இனிமேல் பார்க்கவேண்டியதில்லை என்று அவருக்கும் தெரிந்திருக்கும். தெரிந்துதான் சொன்னாரா என்பதை நான் இன்றுவரை தீர்மானிக்கவில்லை. தெரியாமல் சொல்லியிருந்தால் அது இன்னும் மோசம்.

அந்த வருஷமே எனக்குக் கல்யாணமாகி நான் புனேவுக்குப் போய்விட்டேன். டிசம்பரில் கிறிஸ்மஸுக்கு அக்கா வீட்டுக்கு வந்தேன். ஆலயத்தில் நாங்கள் மூவரும் ஒரே பெஞ்சில் உட்கார்ந்திருந்தோம், நடுவில் அக்கா. முன்னால் ஷீபா அந்தக் கிதாரோடு நின்றாள். அவளும் சின்ன உருவம். முதல் தட்டு விழுந்ததும் எனக்குப் போன வருஷம் ஞாபகம் வந்து கண் கலங்கிவிட்டது. அத்தனை சுத்தமான சத்தம். அக்காவின் முழங்காலைப் பார்த்தேன். விரல்கள் அசையவில்லை. நிமிர்ந்து பார்த்தபோது அவள் தலையைச் சற்றே சாய்த்து, ஒரு கண்ணை இடுக்கியிருந்தாள்.

என் பக்கம் குனிந்து, "கேக்குதா?" என்றாள்.

"எது அக்கா?"

"அந்த ஒல்லிக் கம்பி அதிர்வு. பாவம், அந்தப் பிள்ளைக்குத் தெரியல. எத்தனை தடவ அவிய சொன்னாவ, நான்தான் கேக்கல."

அவளைத் தாண்டி அத்தானைப் பார்த்தேன். இவ்வளவுக்கும் காரணமான அந்தக் காதில் இப்போது என்ன கேட்கிறது என்று பார்க்க வேண்டும்போல் இருந்தது. அவர் எதையும் கேட்டுக்கொண்டிருக்கவில்லை. பாட்டுப் புத்தகத்தை விரித்துப் பிடித்துக்கொண்டு, சுருதி ஒருபக்கம் தாளம் ஒருபக்கமாக, வாய் நிறையப் பாடிக்கொண்டிருந்தார்.